இருக்கட்டும் மேடம்

எத்தனை என்று கண்டக்டர் கேட்டதும் ரெண்டு என்று சொல்லிவிட்டேன். மிஷினில் அழுத்தப் போனவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கூட வர்றவங்க கீழ நிக்கிறாங்களாம்மா? ஏறச் சொல்லுங்க, வண்டி எடுக்கப் போறோம்" என்றார். இல்ல, ஒண்ணுதான், தேனி ஒண்ணு என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார், நான்தான் அந்த ரெண்டை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மலை ஏறி வரும்போதே திரும்புகிற டிக்கெட்டை மனசில் ரெண்டாக வாங்கி வைத்துவிட்டேன், அதனால் வந்த வார்த்தை. என் பிள்ளை சுபி ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், அவள் டிரங்குப் பெட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி நினைத்துக்கொண்டு வந்தவள்தான் பிரின்சிபல் ரூமில் உட்கார்ந்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இருக்கட்டும் மேடம், இங்கேயே படிக்கட்டும் என்று சொன்னேன். இருக்கட்டும். என்ன வார்த்தை இது. கடையில் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. கஸ்டமர் இருபது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் பிடிக்கலை என்று எழுந்திருக்கும்போது இருக்கட்டும் மேடம், பரவால்ல மேடம் என்று சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கென்றே பழகிப்போயிருக்கிறது. எதிரில் ஒருத்தி மேடமாக உட்கார்ந்திருந்தால் போதும், தானாக வந்துவிடும். இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. நாக்கு சொல்லவில்லை. நான் சொன்னேன்.

பஸ் ஏரியைத் தாண்டி இறங்க ஆரம்பித்துவிட்டது. பனி விலகி நல்ல வெயில். குதிரை மேல் உட்கார்ந்து ஒரு பையன் போட்டோ எடுத்துக்கொள்கிறான், அவன் அப்பா கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்துவருகிறார். இந்த ஊருக்கு மற்றவர்கள் எதற்கு வருகிறார்கள், நான் எதற்கு வந்தேன். ஸ்கூலில் இருந்து போன வாரம் போன் வந்தபோதே தெரியும். முழு ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற பிள்ளைகள் மார்க்கைக் குறையவிடக் கூடாது, வருஷா வருஷம் கமிட்டி உட்கார்ந்து பார்க்கும், சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். சுபிக்கு இந்தத் தடவை கணக்கிலும் சயின்ஸிலும் கேட்கக் கூசுகிற மார்க். ஆறாவதில் வந்து சேர்ந்தபோது கணக்கில் முதலாவதாக நின்ற பிள்ளை. ஆவணி முகூர்த்த சீசனில் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிக்கொண்டார், நான் கவலைப்படவில்லை. கவலைப்படவில்லையா? பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்ததே, அதை என்னவென்று சொல்வது. எடுத்துவிடட்டும், ஸ்காலர்ஷிப்பை எடுத்துவிடட்டும், நானாகப் பிள்ளையைக் கூட்டிவந்ததாக இருக்காது, அவர்களே அனுப்பியதாக இருக்கும், யாரும் என்னைக் கேட்க முடியாது. எட்டாவது படிக்கிற பிள்ளையின் மார்க் குறைந்ததற்கு உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஸ்கூலில் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மேடம் கூப்பிடும் வரைக்கும் அங்கே உட்காருங்கள் என்றார்கள். சுபி கிளாஸிலிருந்து வந்தாள். வளர்ந்துவிட்டாள், அந்த நீலக் கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கிடந்தது. கொஞ்ச நேரம் என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அம்மா, திட்ட மாட்டியே?" என்றாள். சொல்லு என்றேன். "நான் வேணும்னுதான் மோசமா எழுதினேன். எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் எழுதாம விட்டேன்." எதுக்குடி என்றேன். "மார்க் இல்லேன்னா அனுப்பிருவாங்கல்ல" என்றாள்.

அடிக்கிறார்களா, திட்டுகிறார்களா, யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனேன், பேப்பரில் வருகிறதெல்லாம் ஒரு நிமிஷத்தில் கண்ணுக்குள் வந்துவிட்டுப் போனது. இல்லம்மா, இல்லம்மா என்று அவளே என்னைச் சமாதானம் செய்தாள். "எல்லாரும் நல்லவங்கதாம்மா. அதான் கஷ்டமா இருக்கு. ரூம்ல நட்சத்திரா அவ ஷூவ எனக்குக் குடுத்தா, புதுசு மாதிரிதான் இருக்கு. வார்டன் மிஸ் தனியா கூப்பிட்டு சோப்பு, பேஸ்ட் எல்லாம் குடுப்பாங்க. எக்ஸ்கர்ஷன் போனா ஸ்காலர்ஷிப்புல படிக்கிற எங்க ஏழு பேருக்கும் வேற யாரோ கட்டிருவாங்க. ஸ்கூலுக்குப் பணம் குடுக்கிறவங்க வந்தா நாங்கதான் போய் பூ குடுத்து போட்டோவுக்கு நிக்கணும். தினம் யாருக்காவது தேங்க்ஸ் சொல்லிக்கிட்டே இருக்கணும்மா. காலைல எந்திரிச்சதுமே இன்னிக்கு யாருக்குச் சொல்லணும்னு தோணுது. வீட்டுக்கு வந்துர்றேம்மா. நம்மூரு ஸ்கூல்லயே நான் ஃபர்ஸ்ட் வருவேன், சத்தியமா." இதற்கு நான் என்ன சொன்னேன்? சரி என்றேன். தலையைத் தடவி, சரி, நான் மேடம்கிட்ட சொல்றேன் என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் நம்பிவிட்டாள். அப்புறம் நட்சத்திராவுக்கு எந்தப் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எந்த டீச்சரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் இருக்கிற பூனை குட்டி போட்டதா என்று கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்த வரைக்கும் நான் சொன்னது சத்தியம்.

பெருமாள்மலையில் ஒரு அம்மா பேரிக்காய்ப் பையோடு ஏறி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டே, "பிள்ளைய விட்டுட்டு வர்றீகளாக்கும்?" என்றார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன. ஆமா என்றேன். எந்த ஸ்கூல் என்றதற்குச் சொன்னேன். "அடேயப்பா, அந்த ஸ்கூலா! அது பெரிய பெரிய ஆளுக பிள்ளைகல்ல படிக்கும்." ஸ்காலர்ஷிப்பு என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் ஏறுகிறது, இப்போதும் ஏறியது, எனக்கே கேட்டது. "குடுத்து வச்சவுக நீங்க. பிள்ளைக்குப் பிடிச்சிருச்சா?" ரொம்பப் பிடிச்சுப்போச்சு, லீவுக்குக் கூட வீட்டுக்கு வர மாட்டேங்குறா என்றேன். எப்படி வருகிறது இந்தப் பேச்சு எனக்கு. அந்த அம்மாவுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போகிறவர். ஆனால் இந்த ரெண்டு வருஷமாக இப்படிச் சொல்லித்தானே நடந்திருக்கிறேன். கடையில் என்னோடு நிற்கிற பெண்கள் எல்லோருக்கும் என் பிள்ளை மலைமேல் இங்கிலீஷ் பேசிக்கொண்டு குதிரை ஓட்டுகிறாள். குதிரை ஓட்டக் கற்றுக்கொடுப்பது தனி ஃபீஸ், அதற்கு ஸ்காலர்ஷிப் இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலாளி அம்மா ஒருநாள் பட்டு செக்‌ஷனுக்கு வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்திராணி, உன் பொண்ணு அங்கயா படிக்கிறா என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் என் பெயர் அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை திரும்பி வந்தால் அந்தப் பெயரும் போய்விடும் என்று பயந்தேனா? அதற்காகவா? அவ்வளவு சின்னதாகவா?

போன் அடிக்கிறது. அவர்தான். வளைவில் சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது. "கிளம்பிட்டீங்களா?" என்றார். கிளம்பிட்டேன் என்றேன். கிளம்பிட்டோம் என்று வரவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது. அப்புறம், "பெட்டி வருமேன்னு வண்டிய ஒழிச்சு வச்சிருந்தேன். சரி, கம்பத்துக்கு ஒரு லோடு கேட்டாங்க, போயிட்டு வந்துர்றேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், உங்களை மாதிரி அவளும் லோடு வண்டியிலேயே கிடக்கணுமா என்று கேட்டிருப்பேன், அந்தக் கத்தலில் நான் செய்தது சரி என்று எனக்கே ஆகியிருக்கும். அவர் அதற்கு இடம் கொடுக்கிற ஆள் இல்லை. முதலில் இருந்தே அப்படித்தான். அஞ்சாவதில் சுபிக்குப் பாடம் எடுத்த ரெஜினா டீச்சர் வீட்டுக்கே வந்து, அந்த ஸ்கூலில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள், பாஸானால் எல்லாம் இலவசம், உங்கள் பிள்ளையை எழுத வையுங்கள் என்று சொன்ன அன்றைக்கும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி அது யார் பக்கத்துல படுக்கும்?" டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து வயசுப் பிள்ளை, இன்னமும் என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அவர் சிரிக்கவில்லை.

பாஸாகிவிட்டாள். அதற்கப்புறம் ஸ்கூலில் இருந்து வீட்டைப் பார்க்க ரெண்டு பேர் வந்தார்கள், உண்மையிலேயே வசதியில்லாத குடும்பம்தானா என்று பார்ப்பதற்கு. டிவியை எங்க வீட்டில் கொண்டுவந்து வச்சிரு, ஃபிரிட்ஜ் மேலே சேலையைப் போட்டு மூடு என்று பக்கத்து வீட்டு வாசுகியக்கா சொன்னார். டிவியைக் கொண்டுபோய் வைத்தேன். ஃபிரிட்ஜை என்ன செய்வது, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள், ரொம்ப மரியாதை, தண்ணீர் கொடுத்ததற்குக் கூட ரெண்டு கையால் வாங்கிக்கொண்டார்கள். டிவி இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக வெள்ளையாய் ஒரு தடம், வந்தவர்களில் ஒரு அம்மாள் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அவருக்கு எங்கள் மேல் இரக்கம் வந்ததே அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்புறம் சுபியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உனக்கு அங்க வந்து படிக்க இஷ்டமாம்மா?" என்றார். சுபி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, அதைப் படித்துத்தான் இஷ்டம் என்று சொன்னாள். நல்லாப் படிக்கிற பிள்ளை, அம்மா முகத்தைப் படிக்கத் தெரியாதா. முதல் வருஷம் பேரண்ட்ஸ் டே அன்றைக்கும் அப்படித்தான். நட்சத்திராவின் அம்மா என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்து, "நீங்க தேனியில ஜவுளிக் கடைலதானே இருக்கீங்க? எங்க நாத்தனார் கல்யாணத்துக்கு நீங்கதான் பட்டு காட்டினீங்க, எவ்வளவு பொறுமை உங்களுக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, மனசாரத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. சுபிக்கு அவமானமாக இருக்குமோ என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் அவமானம் இல்லை. எனக்கு அவமானமாக இருப்பதை அவள் பார்த்துவிட்டாள், அதுதான் இருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். பெட்டியைத் தூக்கு, போவோம் என்று சொல்லியிருந்தால் அவள் எதற்கென்று கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

பஸ் வளைவில் ஒடிக்கும்போதெல்லாம் அந்த அம்மா என் மேல் சாய்கிறார், பேரிக்காய் வாசம். பின்னால் ஏதோ குழந்தை வாந்தி எடுக்கிறது, அதன் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடி, பிடி என்கிறாள். எனக்கும் குமட்டுகிறது, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மேடம் ரூமில் குடித்த காபிதான். அந்தக் காபி. மேடம் மட்டும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். உங்கள் பிள்ளை லாயக்கில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தால் தலைநிமிர்ந்து எழுந்து வந்திருப்பேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். உட்காருங்கம்மா, ரொம்ப தூரத்தில் இருந்து வந்திருக்கீங்க என்றார். மெத்தை வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் இடுப்பு வரைக்கும் உள்ளே போனது. கடையில் சட்டப்படி எங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது, கஸ்டமர் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துபோய்விடும். அந்த நாற்காலியில் என் கால் ரெண்டும் தரையில் பாரமில்லாமல் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடம் நிதானமாகப் பேசினார். "விதிப்படி பார்த்தா கமிட்டி நிறுத்தியிருக்கணும். நான்தான் பேசினேன். சுபிக்‌ஷா சாதாரணப் பிள்ளை இல்லை. இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா கவுன்சிலர்கிட்ட வீட்டுக்குப் போகணும்னு சொல்லியிருக்கா. நாங்க பிடிச்சு வைக்க மாட்டோம். அம்மா நீங்க சொல்லுங்க, உங்க முடிவுதான்." சுபி பக்கத்து நாற்காலி நுனியில், எழுந்துவிடத் தயாரான மாதிரி உட்கார்ந்திருந்தாள். மேடத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் மைதானம், மைதானத்துக்கு அந்தப் பக்கம் மலை. என் முடிவு. இதுவரைக்கும் எதை என் முடிவு என்று யாராவது என்னிடம் விட்டிருக்கிறார்கள்? பத்தாவதோடு நிறுத்தியது, கல்யாணம், கடை, எதுவுமே என்னைக் கேட்டு நடக்கவில்லை. முதல் தடவையாக ஒருத்தர் கேட்கிறார், அந்த நேரம் பார்த்து எனக்கு சுபி தெரியவில்லை. என் கால் தெரிந்தது. இருபது வருஷம் கழித்து இந்தப் பிள்ளை ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒரு மேடத்துக்கு முன்னால் வீங்கின காலோடு நிற்கிற மாதிரி தெரிந்தது. அது பயம்தான். பயத்தில் சொன்னதுதான். இருக்கட்டும் மேடம், இங்கேயே படிக்கட்டும்.

சுபி அழவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மேடம், "ஆர் யூ ஓகே, சுபிக்‌ஷா?" என்று கேட்டதற்கு, "யெஸ் மேம், தேங்க் யூ மேம்" என்றாள். வெளியே வந்தபிறகு கேட் வரைக்கும் கூடவே நடந்துவந்தாள். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், ஒரே ஒரு வருஷம்டி, பல்லைக் கடிச்சுக்கோ, அம்மா மாதிரி ஆகிடக் கூடாதுல்ல, பொங்கலுக்கு வந்துருவ, என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள். அடிக்கப் போகிறாள், கத்தப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் தோசை கருகினால் கூடத் தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளை. பெல் அடித்தது, கிளாஸுக்கு நேரமாச்சும்மா என்று திரும்பிவிட்டாள், ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்தாள். இனி நன்றாக எழுதுவாள். எனக்குத் தெரியும், எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வருவாள். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வேண்டுமென்றே தோற்பது என்பது அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டுப் போட்ட சத்தம். கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி எதற்குச் சத்தம் போடப்போகிறாள்.

மலையடிவாரம், காட்ரோட்டில் பஸ் நின்றது. பேரிக்காய் அம்மா, "வர்றேன் தாயி, பிள்ளைய நல்லா படிக்க வைங்க" என்று இறங்கிப் போனார். டீக்குப் பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். இறங்கினேன். கீழே வெக்கை, முகத்தில் அடித்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மலைக்குப் போகிற பஸ் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்ததும் கால் தானாக ரோட்டைத் தாண்டிவிட்டது. போனால் என்ன? வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மேடம், தப்பாச் சொல்லிட்டேன், நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன் என்று சொன்னால் என்ன செய்துவிடுவார். அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, வாசலில் நின்றே சொல்லிவிட வேண்டும். படியில் நின்ற கண்டக்டரிடம், எப்ப எடுப்பீங்க என்றேன். "இந்தா எடுத்தாச்சு, ஏறுங்கக்கா." ஒரு நிமிஷம் தம்பி, ஒரே நிமிஷம் என்று ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன், பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்வதற்கு. வார்டன்தான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதானேம்மா பேசணும் என்று இழுத்தவர், என் குரலைக் கேட்டுவிட்டு, இருங்க, ஸ்டடி ஹால்ல இருக்கா, கூப்பிடறேன் என்றார். தூரத்தில் யாரோ பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காலடிச் சத்தம். ஹலோ என்றாள்.

"சுபி, அம்மாடி. நான் இன்னும் வீட்டுக்குப் போகல, காட்ரோட்ல நிக்கிறேன். திரும்பி வர்றேன்டி. உன்னைக் கூட்டிட்டு வந்துர்றேன். பெட்டிய எடுத்து வை."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

"சுபி?"

"வேண்டாம்மா." அழுத குரலாக இல்லை. கோபமாகவும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் ஏறியிருப்பேன். "நான் இங்கயே படிக்கிறேன். மேடம்கிட்ட சரின்னு சொல்லியாச்சுல்ல, மறுபடி மாத்திப் பேசினா நல்லா இருக்காது. கணக்கு மிஸ் தனியா சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க பத்திரமா வீட்டுக்குப் போங்க."

சரிடி என்றேன். வைத்துவிட்டாள்.

மலைக்குப் போகிற பஸ் நகர்ந்துவிட்டது, அந்தக் கண்டக்டர் பையன் படியில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டே போனான். அதன் புகை கலைகிற வரைக்கும் ரோட்டோரத்திலேயே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. நீங்க. நீங்க என்று சொன்னாள். பிறந்ததில் இருந்து என்னை அவள் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், கோபத்திலும் நீ, கொஞ்சும்போதும் நீ. வார்டன் பக்கத்தில் நின்றிருப்பார். அதனால் இருக்கும். பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று அங்கே பழக்கியிருப்பார்கள், நல்ல பழக்கம்தான். நல்ல பழக்கம்தானே. பெரியகுளம், தேனி, தேனியெல்லாம் ஏறு என்று என் பஸ் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டி வந்து ஏறிக்கொண்டேன்.